கரண்ட் போன கனவு

மில் தொழிலாளி வீட்டில் வாரத்துக்குக் கிழமை முக்கியமில்லை. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று மூன்று வாரங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட வருகிறவர்கள்கூட "அன்னிக்கு உங்களுக்கு என்ன ஷிப்டுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பத்திரிகையை நீட்டுவார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 1980களின் தொடக்கத்தில் சேர்ந்தேன். முதலில் ரிங் ஃபிரேமில் டாஃபர், பிறகு கார்டிங். கோயம்புத்தூரில் 1888லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டாலும், 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் மில்கள் பெருகின. ராத்திரியைப் பகலாக்கி வேலை வாங்க அந்த மின்சாரம் கைகொடுத்தது. அப்படி வாங்கிய ராத்திரியைத் தொழிலாளி பகலில் தேடிப் பிடித்துத் தூங்க வேண்டும்.

முழு நைட்டு முடிந்து வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். தலைமுடியிலும் புருவத்திலும் ஒட்டிய பஞ்சைக் கழுவிவிட்டு, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தால், தெருக்குழாயில் குடச்சண்டை ஆரம்பிக்கும். அது ஓய்ந்தால் கீரைக்காரி. அவள் போனால் பக்கத்து வீட்டு ரேடியோ. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதத்தில் அதன் அடியில் தூங்கியவனுக்குத் தூக்கத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்று நான்கு மணி நேரம் புரண்டு புரண்டு எடுத்த அந்தத் தூக்கத்தில்தான் அமுக்குவான் வர ஆரம்பித்தான்.

வந்தவர்களுக்குத் தெரியும். கண் திறந்திருக்கும். கூரை தெரியும், கொடியில் காயும் லுங்கி தெரியும், அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டும் சத்தம் கேட்கும். ஆனால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் யாரோ குந்தியிருப்பதுபோல் மூச்சு முட்டும். வாசல்படி ஓரம் ஓர் ஆள் நிற்கிறான் என்பது நிச்சயமாகத் தெரியும். திரும்பிப் பார்க்கத்தான் முடியாது. "அம்மா" என்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிடுவேன், உதடே பிரியாது. சட்டென்று ஏதோ அறுந்ததுபோல் உடம்பு விடுபடும். எழுந்து உட்கார்ந்தால் பனியன் நனைந்திருக்கும், அம்மா ஒன்றும் நடக்காததுபோல் மாவைத் தள்ளிக்கொண்டிருப்பாள்.

அம்மாவைப் பெற்ற என் அமுச்சி இதற்கெல்லாம் அசரவில்லை. அவளுக்கு அமுக்குவான் நெடுநாள் பழக்கமானவன். தலைமாட்டில் பாக்குவெட்டி, கால்மாட்டில் துடைப்பம், நெற்றியில் திருநீறு. அதோடு ஒரு கட்டளை: "மல்லாக்கப் படுக்காத சாமி. ஒருக்களிச்சுப் படு. அவன் நெஞ்சு மேலதான் உக்காருவான், விலா மேல உக்கார எடமில்ல." கெட்ட கனவு கண்டால் விடிந்ததும் யாரிடமும் பேசுமுன் பசுமாட்டின் காதில் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு வைத்தியம். எங்கள் மாட்டை அதற்குள் விற்றிருந்தோம். எதிர்வீட்டு எருமையிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "எமனோட வண்டிகிட்டயே போய்ச் சொல்லுவியாக்கும்" என்று வைதாள். அம்மா தன் பங்குக்குப் படுக்குமுன் கந்த சஷ்டி கவசம் போட்டுவிடுவாள். என்னைக் கேட்டால், உலகத்தில் இத்தனை வகைப் பேய் இருக்கிறது என்பதே எனக்குக் கவசத்தைக் கேட்டுத்தான் தெரிந்தது.

பாக்குவெட்டி வேலை செய்ததா தெரியாது. ஒருக்களித்துப் படுத்தது வேலை செய்தது.

காரணம் புரிய வெகுகாலம் ஆயிற்று. தொழிற்சங்க வாசகசாலையில் மேசைமேல் கிடந்த பழைய அறிவியல் பத்திரிகைகளில் தொடங்கி, மில் மூடியபின் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தூக்கம் ஒரே சீராகப் போவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்மணி விறுவிறுவென்று உருளும் ஒரு கட்டம் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் எட்டு வயது மகனையே படுக்கவைத்து, தலையில் கம்பிகளை ஒட்டி அதைக் கண்டுபிடித்தார். தன் ஆசிரியர் நத்தானியல் கிளைட்மனோடு சேர்ந்து 1953இல் அதை வெளியிட்டார். கதைபோல நீளும் அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. கனவில் ஓடும்போது கால் நிஜமாகவே ஓடிவிடாமலிருக்க, அப்போது மூளை கழுத்துக்குக் கீழே தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. தூக்கம் கெட்டவனுக்கும், நேரம் மாறி மாறிப் படுக்கிறவனுக்கும் சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், தசைக்கட்டு அவிழாது. கனவும் பாதி மிச்சமிருக்கும். வாசலில் ஆள் நிற்பது அந்த மிச்சம். மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது, நூலகத்தில் உட்கார்ந்தபடியே அமுச்சியை நினைத்துச் சிரித்தேன். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் நெஞ்சின் மேல் ஒரு கிழவி வந்து உட்காருவதாகச் சொல்கிறார்கள். ஜப்பானிலும் இதற்குத் தனிப் பெயரே உண்டு. அமுக்குவானுக்கு எல்லா ஊரிலும் உறவுக்காரர்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே, அதற்கும் அங்கே விடை இருந்தது. அந்தக் கனவுக் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும், விடியலை நெருங்க நெருங்க நீளும். அதனால் நீளமான கனவுகள் விடியலில் வருகின்றன, அவற்றுக்கு நடுவில் விழிக்கிறோம், விழித்ததால் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருப்பதுதான் பலித்ததாகக் கணக்கில் சேரும். குழந்தைகள் படுத்த கொஞ்ச நேரத்திலேயே வீறிட்டு எழுந்து, யார் அழைத்தும் தெரியாமல் மிரண்டு, காலையில் ஒன்றும் நினைவில்லை என்பார்களே, அது வேறு. அது முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வருவது, கனவோடு அதற்கு அதிகச் சம்பந்தம் கிடையாது. தாயத்துக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெரும்பாலும் வளர வளரத் தானே போய்விடும்.

கிளைட்மனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1938இல் அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகைக்குள் ஒரு மாணவரோடு இறங்கி, 32 நாள் வெயில் பார்க்காமல் இருந்தார். நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்ப்பது சோதனை. இருபதுகளில் இருந்த மாணவர் ஒருவாறு பழகிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடம்பு கடைசிவரை 24 மணி நேரக் கணக்கை விடவில்லை. அதைப் படித்ததும் எனக்கு எங்கள் மில்லின் அறிவிப்புப் பலகைதான் கண்ணில் நின்றது. குகைக்குள் போனவர்கள் 32 நாள் ஒரே கணக்கில் இருந்தார்கள். எங்களுக்கு வாராவாரம் கணக்கை மாற்றினார்கள். உடம்பு ஒரு ஷிப்டுக்குப் பழகும்போதே பலகையில் அடுத்தது ஒட்டப்பட்டிருக்கும்.

தூக்கத்துக்காக ஒரு கட்டிங் போடுவது எங்கள் ஆட்களில் பலருக்குப் பழக்கம். அரை நைட்டு விட்டு நேராகப் போய்ப் போட்டுவிட்டு வந்து விழுவார்கள். விழுந்தவுடன் தூங்குவதும் உண்மை. ஆனால் சாராயம் கனவுக் கட்டத்தை முன்பாதியில் அமுக்கிவைக்கிறது. போதை இறங்க இறங்க, அமுக்கிவைத்ததெல்லாம் பின்பாதியில் வட்டியோடு எழும்பும். அதிகாலையில் நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்துகொண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டால் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள்.

அமுக்குவான் எனக்குப் பெரிய எதிரியாக இருக்கவில்லை. ஷிப்டு மாறினால் போய்விடுவான். நெடுநாள் என்னை ஆட்டிவைத்தது வேறொரு கனவு.

கார்டிங் இயந்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊசிப்பல் கம்பி சுற்றிய பெரிய உருளை ஒன்று கனவேகத்தில் சுழன்று பஞ்சைச் சிக்கெடுக்கும். இரும்பு எடை. சுவிட்சை அணைத்தாலும் உடனே நிற்காது, சில நிமிடங்கள் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓடும் இயந்திரத்துக்குக் காப்பு மூடி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. மூடியைக் கழற்றி மாட்டுவதற்குள் உற்பத்தி குறைகிறது என்று எங்கள் மில்லில் அதைக் கழற்றியே வைத்திருந்தார்கள். ஒரு முழு நைட்டில், என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர், அடியில் அடைத்த வேஸ்ட்டை எடுக்கக் கையை விட்டார். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கத்தியதும் அடித்தேன். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. மீதியை எழுத வேண்டாம். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

கனவில் விரல் வராது, ரத்தம் வராது. சுவிட்சு மட்டும்தான். நான் அழுத்துவேன். நிற்காது. மறுபடி அழுத்துவேன். உருளையின் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். என் கூச்சலில் வீடு விழிக்கும். 1990களின் கடைசியில் மில் மூடி, இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு லாரியில் ஏற்றியதை நேரில் நின்று பார்த்தேன். கனவு அந்த லாரியில் ஏறவில்லை. மளிகைக்கடையில் கணக்கெழுதப் போன பிறகும், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும், அது பாட்டுக்கு வந்து போனது.

இதில் எனக்குக் கோபம் வரவைத்த ஒரு ஆலோசனை உண்டு: "கண்டதையும் நினைக்காமப் படுங்க." சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நினைக்காமல் இருக்க முயல்வதைப்போல் நினைவூட்டுவது வேறெதுவும் கிடையாது. படுக்கவே பயந்து டிவி முன்னால் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளுவேன். தள்ளத் தள்ளத் தூக்கப் பஞ்சம். பஞ்சம் கழித்துத் தூங்கும் தூக்கத்தில் கனவுக் கட்டம் விட்டதைப் பிடிக்கப் பார்க்கும். ஆக, கனவுக்குப் பயந்து விழித்திருந்தது கனவுக்கே தீனியாயிற்று.

ஐம்பதைத் தாண்டியதும் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பேனா பிடிக்கும்போது தெரிந்தது. அதற்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், புரோப்ரனலால். நடுக்கம் குறைந்தது. கனவோ, எப்போதாவது வந்துகொண்டிருந்தது, வாரத்தில் பல ராத்திரி வர ஆரம்பித்தது. சுவிட்சோடு புதுப்புதுச் சரக்குகளும் சேர்ந்தன. வெள்ளம், பாம்பு, செத்துப்போன அமுச்சி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்பது. மாத்திரைக்கும் கனவுக்கும் முடிச்சுப் போட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. என் மனைவி குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள். மகள்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

அந்த அம்மாள் அவசரப்படாதவர். முதலில் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் வாங்கி மேசையில் பரப்பினார். நான் சாப்பிட்டது பீட்டா பிளாக்கர் வகை, அதிலும் மூளைக்குள் எளிதில் நுழையும் ரகம், சிலருக்குக் கனவைக் கிளறிவிடும் என்றார். தானாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து, எழுதியவரிடமே பேசிப் படிப்படியாக மாற்றலாம் என்றும் சொன்னார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, தூக்கத்தில் நான் கையை வீசுகிறேனா, உதைக்கிறேனா, கட்டிலிலிருந்து விழுந்ததுண்டா என்று கேட்டார். வயதான ஆண்களில் சிலருக்கு அந்தத் தசைக்கட்டு விட்டுப்போய்க் கனவில் செய்வதை நிஜத்திலும் செய்வார்கள், அது பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முந்திய அறிகுறியாகவும் இருக்கலாம், கை நடுக்கம் வேறு இருப்பதால் கேட்கிறேன் என்று விளக்கினார். என் மனைவி யோசிக்கவே இல்லை. "கத்துவாருங்க. அடிச்சதில்லீங்க. அடிச்சிருந்தா நான் சும்மா உட்டுருப்பனுங்களா?"

அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு விளையாட்டாகப் பட்டது. கனவை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டு, எந்த இடத்தில் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றச் சொன்னார். மாற்றிய கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் பகலில் கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு நியூ மெக்சிகோவில் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருடக்கணக்காகக் கெட்ட கனவால் தவித்த 168 பெண்கள் அதில் பங்கெடுத்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவும் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. அந்தப் பெண்கள் பட்டதற்கு முன்னால் என் சுவிட்சு எம்மாத்திரம் என்று தோன்றியது. நோட்டை வாங்கிக்கொண்டேன்.

முதலில் வீரக்கதை எழுதினேன். பாய்ந்து போய் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறேன். படித்தால் எம்.ஜி.ஆர். படம் மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் இழுக்கிற இடத்தில் கை நழுவியது. பிறகு, இயந்திரமே இல்லாத வயல் ஒன்றை எழுதினேன், அதில் எனக்கு வேலையே இல்லை. அது 2012 வாக்கு. கோவையில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம், பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நோட்டும் கையுமாய் உட்கார்ந்திருக்கும்போது மின்விசிறி ஓய்ந்தது. தெரு முழுக்க மின்வாரியத்தை வைதார்கள். எனக்கு மில்லில் கரண்ட் போகும் நேரம் ஞாபகம் வந்தது. மொத்த டிபார்ட்மெண்டும் ஒரு பெருமூச்சோடு அடங்கும். அதுவரை சைகையில் பேசிக்கொண்டவர்களுக்குத் திடீரென்று வாய் முளைக்கும். யாராவது ஒருத்தர் விசிலடிப்பார். மேஸ்திரி முறைத்துக்கொண்டே இருக்க, எல்லாரும் டீக்குடிக்கக் கிளம்புவோம்.

எழுதினேன்: நான் சுவிட்சை அழுத்துகிறேன், நிற்கவில்லை. அப்போது கரண்ட் போகிறது. உருளை அந்த நொடியே நிற்கிறது. அண்ணன் கையை எடுத்து, வேஸ்ட்டைத் தட்டிவிட்டு, "வா, டீக்குடிக்கலாம்" என்கிறார்.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன்: கரண்ட் போனாலும் கார்டிங் உருளை உடனே நிற்காதே? "கனவுல இன்ஜினியரிங் பாக்காதீங்க ஐயா" என்றார்.

காலை டீக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பேன். படுக்கப்போகும் நேரத்தில் செய்யவில்லை. பகல் வெளிச்சத்தில், பால்காரர் மணியடிக்கும் சத்தத்துக்கு நடுவில் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அமுச்சி விடிந்ததும் மாட்டின் காதில் சொல்லச் சொன்னதும் பகலில்தான். எழுதிய கனவு எழுதியபடியே ஒருநாளும் வரவில்லை. ஆனால் பழைய கனவில் கலப்படம் ஆரம்பித்தது. சுவிட்சை அழுத்தும்போது குழல்விளக்கு ஒன்று கண்சிமிட்டும். இரைச்சலுக்கு நடுவில் யாரோ விசிலடிப்பார்கள். ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன், எப்படி அங்கே வந்தேன் என்றே தெரியவில்லை. கூச்சல் நின்றது. சில மாதங்களில் கனவு வருவதே அரிதாயிற்று. மாத்திரையையும் அதற்குள் மாற்றியிருந்தார்கள், எதில் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அடியோடு போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். காய்ச்சல் கண்டால், யாராவது இறந்தால், ஒருமுறை எட்டிப் பார்க்கும்.

மற்றவை சின்னச் சின்ன ஒழுங்குகள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வாசல் வெளிச்சத்தில் நிற்பது. சாயங்கால டீயைக் கைவிட்டது எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. குடித்த காபி, டீயின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மனசைத் தேற்றிக்கொண்டேன். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன், படுக்கையிலேயே கிடந்து மல்லுக்கட்டுவதில்லை. சுவர்க்கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். மல்லாந்து படுப்பதில்லை, அது அமுச்சிக்காக.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது. விரல் போனது அவருக்கு, கனவு கண்டது நான். போன வருடம் அவர் பேத்தியின் சீருக்குப் போனபோது பந்தி முடிந்து தனியாக உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு மிசினெல்லாம் கனவுல வாராது கண்ணு" என்றார். "எனக்கு வாரது வேற. பஸ்ல ஏறிருவேன். டிக்கெட் எடுக்கக் காசிருக்காது. செக்கிங் ஏறிருவான். அவன் கிட்ட வர வர, எந்திரிச்சு உக்காந்துக்குவேன். வாரத்துல ரெண்டு நாளாவது வருது."

விசாரித்தால், சின்ன வயதில் அப்படி ஒருமுறை பிடிபட்டு நடுரோட்டில் இறக்கிவிடப்பட்டிருக்கிறார். இயந்திரத்துக்கு அஞ்சாதவரை அந்த ஒரு டிக்கெட் ஐம்பது வருடமாகத் துரத்துகிறது. நோட்டு வைத்தியத்தை விளக்கினேன். சட்டைப் பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருப்பதாக எழுதிக்கொள்ளுங்கண்ணா என்று யோசனையும் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"காசெதுக்கு? பேசாம நானே கண்டக்டர் ஆயிடறேன்."

பொங்கல் கழித்து உழவர் சந்தையில் பார்த்தேன். கனவு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கற. உக்கடம் போய்ச் சேர்றதுக்குள்ள சில்லறை தீந்துபோகுது" என்றார். "எவனும் சரியான சில்லறை கொண்டாரதில்ல."